தேத்தாங்கொட்டை மரமா, எட்டி மரமா? அடையாளம் சொல்லுங்கள்

கேள்வி (மலையடிவாரம்):
வணக்கம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் மாமனார் நிலத்து வரப்போரம் பெரிய மரம் ஒன்று நிற்கிறது. ஆடு மேய்க்க வருபவர்களில் ஒருவர் தேத்தாங்கொட்டை என்கிறார், இன்னொருவர் கிட்டவே போகாதே என்கிறார். இலைகள் எதிரெதிராக, பளபளப்பாக இருக்கின்றன. காம்படியிலிருந்து ஐந்து நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றன. மழைக்காலத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கலங்கிவிடும். மாமியாருக்கு மூலத் தொந்தரவும் உண்டு. இரண்டுக்கும் இந்தக் கொட்டை ஆகும் என்கிறார்களே, எடுக்கலாமா?

பதில் (காட்டுவழி):
இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டும் ஸ்ட்ரிக்னஸ் என்ற ஒரே பேரினம், நரம்பும் இரண்டிலும் இப்படித்தான் ஓடும். பழத்தைப் பாருங்கள். தேத்தாங்கொட்டைப் பழம் சிறியது, 2 செ.மீ.க்குள்தான் இருக்கும். பழுத்தால் கறுத்துவிடும், உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு உருண்டை விதை. பட்டை வெடித்து வெடித்து இருக்கும். எட்டிப் பழம் எலுமிச்சையை விடப் பெரிதாகவும் வரும், பழுத்தால் ஆரஞ்சு நிறம். எதையும் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள்.

மலையடிவாரம்:
பழம் ஆரஞ்சு நிறம்தான். ஓடு கெட்டி, கத்தியால் பிளந்தேன். வெள்ளையாக வழவழ சதை, அதற்குள் சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையாக நாலு விதை. கழுவித் துடைத்தால் சாம்பல் நிறத்தில் பட்டுப் போல மினுங்குகிறது. அடிமரமும் சாம்பல் நிறம், வெடிப்பு இல்லை.

பதில் (காட்டுவழி):
எட்டியேதான். விதையில் ஸ்ட்ரிக்னைன், புரூசின் என்ற கடும் நஞ்சுகள் உண்டு. உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும், மூச்சுத் தசைகள் இறுகி உயிரே போகும். சித்த மருத்துவத்தில் எட்டி மருந்துதான், ஆனால் முறைப்படி சுத்தி செய்து, அளவறிந்து கொடுப்பவர்கள் கையில் மட்டும். வீட்டில் வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், உடனே 108.

பதில் (செல்லம்மாள்):
தம்பி, தேத்தாங்கொட்டை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், உருண்டையாகப் பார்த்து வாங்குங்கள். மண்பானையின் உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொட்டையை நன்றாக உரசிவிட்டு, கலங்கல் தண்ணீரை ஊற்றி வையுங்கள். கொட்டையிலிருந்து கரையும் பொருள் மண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து அடியில் இறக்கிவிடும். மேலே தெளிந்ததை இறுத்துக் காய்ச்சிக் குடியுங்கள். தண்ணீர் தெளிந்தாலும் கிருமி போயிருக்காது.

மூலத்துக்குத் தேற்றான்கொட்டை லேகியம் உண்டு. ஆனால் ரத்தம் போகிறதென்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், லேகியம் அப்புறம். அசல் மரத்தைப் பார்க்க வேண்டுமானால் திருக்குவளை கோயிலுக்குப் போய் வாருங்கள், அங்கே தலமரம் அதுதான்.

மலையடிவாரம்:
நன்றி அம்மா, காட்டுவழி சாருக்கும் நன்றி. விதைகளைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். பிள்ளைகள் விளையாடும் இடம், மரத்தை வெட்டிவிடவா?

பதில் (காட்டுவழி):
வெட்ட வேண்டாம். விழுந்த பழங்களைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளை மரத்தடிக்கே கூட்டிப் போய், பழத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.