கலைச்சொல்: பயோசார் – உயிர்க்கரியா, மூட்டக்கரியா?

திருவாரூர், வேதியியல் ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். நெல் உமி, கொட்டாங்கச்சி, சவுக்குக் கழிவு ஆகியவற்றைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, அதைக் கொண்டு சாயக் கழிவுநீரை வடிகட்டும் செயல்திட்ட அறிக்கையை எம் மாணவர்கள் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். இக்கரியின் ஆங்கிலப் பெயரான 'பயோசார்' என்பதை ஒருவர் 'உயிர்க்கரி' என்றும் இன்னொருவர் 'உயிரிக்கரி' என்றும் எழுதியுள்ளனர். எதைக் கொள்ளலாம்?

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'உயிர்க்கரி'யில் ககரம் மிகுவது சரியே. பொருள்தான் இடறுகிறது, உயிருள்ள கரி என்றல்லவா படிப்பார்கள்? 'உமிக்கரி' நம்மிடம் முன்பே உண்டு. பொற்குடம் போல அது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போர்த்தி, உள்ளே கனன்று வேகவிடுவதைக் கரிமூட்டம் என்கிறோம். ஆகவே 'மூட்டக்கரி' என்க. கரு என்னும் அடியில் பிறந்ததே கரி. யானையைக் குறிக்கும் கரியை வடசொல் என்பார்கள். நான் அதையும் கருமையோடு சேர்த்தே எண்ணுகிறேன். 'இந்திரனே சாலுங் கரி' என்னும் குறளில் அது சான்று எனப் பொருள்படுவதையும் மறக்கலாகாது.

கும்பகோணம், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, யானையும் இந்திரனும் திங்கட்கிழமைக்குள் வந்து சேர மாட்டார்கள். மூட்டக்கரி என்று கடையில் கேட்டால் இஸ்திரிப் பெட்டிக்கு எத்தனை கிலோ என்பார்கள்.

மயிலாடுதுறை:
பயனை வைத்துப் பெயரிடலாமே. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியவைப்பதைக் கலித்தொகையே உவமையாக்கியிருக்கிறது. 'தெளிகரி' என்பது வினைத்தொகை. வல்லினமும் மிகாது, நாவுக்கும் எளிது.

வேதாரண்யம், குடிநீர்ப் பொறியாளர்:
தெளிகரி அழகான சொல், அதனாலேயே அஞ்சுகிறேன். தேற்றாங்கொட்டை மிதக்கும் மண்துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கிறது. இந்தக் கரியோ நீரில் கரைந்துள்ள சாயத்தையும், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் தன் நுண்துளைகளின் பரப்பில் பற்றிக்கொள்கிறது. இரண்டும் வேறு வேலைகள். எங்கள் கடலோரத்தில் நிலத்தடி நீரின் முதல் தொல்லை உப்பு. அதைக் கரி போக்காது. யூரியா இட்ட வயல்களிலிருந்து இறங்கும் நைட்ரேட் எதிர்மின் அயனி. கரியின் பரப்பும் பெரும்பாலும் எதிர்மின்தன்மை உடையதாகையால் அதையும் சரிவரப் பற்றாது. தெளிகரி வழியே வந்த நீர் என்றால் குடிக்கலாம் என்றுதான் எவரும் நினைப்பார். மண்ணில் இடுவது என்பதால் 'மண்கரி' எனச் சிலர் எழுதுவதும் இங்கே ஆகாது, உலோகம் ஏறிய கரியை வயலில் கொட்டிவிடுவார்கள். எனவே பெயர், மூலப்பொருளைச் சொல்லட்டும், பயனைச் சொல்ல வேண்டாம். மேலும், 350 முதல் 700 பாகை செல்சியசில் சுட்ட இக்கரி வேறு. 800 பாகைக்கு மேல் நீராவி செலுத்தித் துளைகளைப் பெருக்கிய கிளர்வுற்ற கரி வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை மாணவர்கள் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா.

கும்பகோணம்:
அப்படியே அறிக்கையில் 'உறிஞ்சுதல்' என்று இருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். கரி பஞ்சைப் போல உள்ளிழுப்பதில்லை. 'பரப்புக் கவர்தல்' என்க. இலங்கையில் வழங்கும் 'புறத்துறிஞ்சல்' இன்னும் செறிவானது, ஆனால் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை.

திருவாரூர்:
அனைவருக்கும் நன்றி. உயிரி உரமும் உயிரி எரிபொருளும் மாணவர்கள் அறிந்த சொற்களாதலால் 'உயிரிக்கரி' என்றே வைக்கிறேன். முதல் பத்தியில் மட்டும் 'பயோசார் எனப்படும் உயிரிக்கரி' என வரும். 'பரப்புக் கவர்தல்' ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மன்னார்குடி:
பெரும்பான்மைக்குத் தடை சொல்லேன். ஆயினும் உயிரி என்பது உயிரை உடையது. உமியோ நெல்லை விட்டு நீங்கிய தோல். அதை எப்படி உயிரி என்பது? என் மறுப்பைப் பதிந்துகொள்க. கரி என்னும் சொல்லின் வேர் பற்றித் தனியே எழுதுகிறேன்.

கும்பகோணம்:
அதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு எழுதுங்கள், ஐயா.