அம்மாவின் கல்வெட்டில் சீட்டுக் கொப்பியின் பக்கத்தைப் போடலாமா?

உவர்மலை மகள்

வணக்கம். அம்மா போய் இன்றைக்குப் பதினேழு நாள். 31ஆம் நாள் காலையில் கன்னியா வெந்நீரூற்றடியில் அந்தியேட்டிக் கிரியை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு. அன்றைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டை எழுதும் பொறுப்பு என்னுடையது.

கனடாவிலிருந்து அண்ணா நாலைந்து மாதிரிகள் அனுப்பினார். ‘அன்னை மடியில்’, ‘ஆண்டவன் அடியில்’ என்று இரண்டு திகதி, பிறகு பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல். பெயரை மாற்றினால் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். எங்கட அம்மாவை அதில் காணவில்லை.

அவர் ஆலங்கேணிப் பிள்ளை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது. அதுவரை பிறந்த வீட்டுக்குப் போவதென்றால் துறையில் பாதைக்கு, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைக்கு, காத்து நிற்க வேண்டும். அந்த நேரத்திலும் அம்மா மடியில் யூனிபோர்ம் சட்டைகளை வைத்துப் பொத்தான் தைப்பார். அப்பா இறந்தபோது எங்களில் மூத்தவருக்குப் பதினொரு வயது. அம்மாவின் கால் தையல் மெசின்தான் நாலு பேரையும் படிக்க வைத்தது. 1990இல் வீட்டை விட்டு ஓடும்போது மெசினின் தலையை மட்டும் கழற்றி, பழைய சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அதே சுற்றுக்குள் எங்கள் நாலு பேரின் பிறப்புப் பத்திரங்களும் இருந்தன.

இப்போது கேள்வி. றங்குப் பெட்டியில் அம்மாவின் சீட்டுக் கொப்பி கிடைத்தது. இருபது பேர், மாதம் ஐந்நூறு ரூபா. 2005ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு பெயருக்கு நேரே ஐந்து மாதம் சரி அடையாளம் இல்லை. ‘நான் போட்டது’ என்று பென்சிலால் சின்னதாக எழுதியிருக்கிறார். அந்த அக்காவின் புருஷன் சுனாமியில் போனவர். அம்மா இதை எங்களிடம்கூடச் சொன்னதில்லை. அம்மாவைச் சொல்ல இதைவிட வேறு எது வேண்டும்? ஆனால் அந்த அக்கா இன்னும் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். போடலாமா?

தம்பலகாமத்தான்

ஆழ்ந்த அனுதாபங்கள் தங்கச்சி. பெயரோடு போட வேண்டாம். அம்மா பென்சிலால் எழுதியதே பிறகு அழிக்கலாம் என்றுதான் என்று எனக்குப் படுகிறது. இருபது வருஷம் மறைத்துக் காத்ததை நாம் அச்சடித்து ஊருக்குக் கொடுப்பது சரியில்லை.

இன்னொன்று. புலம்பலை விட்டாலும் திதி வெண்பாவை விடாதீர்கள். வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் அதில்தான் நிற்கும். கனடாப் பேரப்பிள்ளைகள் நாளைக்குத் திவசத்துக்கு அதைத்தான் தேடுவார்கள். தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள். சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம் முழுதாக இருக்கட்டும்.

அச்சுக்கூடத்தில் நின்றவன்

கையெழுத்தைப் போடுவதென்றால் போனில் எடுக்காமல் ஸ்கேன் பண்ணுங்கள். பென்சில் எழுத்து மங்கிப்போகும், கறுப்பைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள். ஒரு கிழமைக்கு முன்னமே அச்சுக்குக் கொடுத்துவிட்டு, பிழை திருத்தத்தை நீங்களே இரண்டு தரம் வாசியுங்கள். என் அம்மாவின் கல்வெட்டில் தங்கச்சியின் பெயர் பிழையாக வந்துவிட்டது. இன்றைக்கும் அதை எடுக்கும்போது மனம் நோகும்.

பக்கத்தைப் போடுவதா என்பதை அந்த அக்காவிடமே கேட்டால் என்ன?

உவர்மலை மகள்

இரண்டு பேருக்கும் நன்றி. தம்பலகாமத்து அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு, போடுவதில்லை என்றுதான் முதலில் முடிவெடுத்தேன். அப்புறம், கொப்பியை ஒளித்து வைத்துக்கொண்டு அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. நேற்றுப் பின்னேரம் கொண்டுபோய்க் காட்டினேன்.

கண்ணாடி போட்டு, விரலை வைத்து ஒவ்வொரு மாதமாக வாசித்தார். பென்சில் எழுத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அஞ்சு இல்ல மகள், ஏழு. ரெண்டை அவ எழுதாம விட்டிருக்கா. என்ர பேரோடயே போடு.”