பட்டர்வொர்த் டு ஜார்ஜ்டவுன், ரெண்டு சீட்டு கார் சரிப்படுமா?

வணக்கம். பழைய ஸ்மார்ட் ஃபோர்டூ, 999 சிசி, ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான், தினமும் பினாங்கு பாலம் தாண்டி வேலைக்குப் போகணும். வாங்கலாமாண்ணே?

பதில்: தாராளமா வாங்கு தம்பி, நான் ஆறு வருஷமா ஓட்டுறேன். நீளமே 2.7 மீட்டர்தான், லிட்டில் இந்தியாவுல மத்தவங்க பார்க்கிங் தேடி சுத்துறப்போ நான் சந்துல சொருகிட்டு தோசை சாப்பிடப் போயிடுவேன், ரோட் டாக்ஸும் வருஷத்துக்கு 20 ரிங்கிட்தான். கியர் ஏறும்போது தலை முன்னாடி ஆடும், அந்த நேரம் ஆக்சிலேட்டர்ல கால லேசா எடுத்தா குலுங்காம வழுக்கிட்டுப் போகும்.

பதில்: பாலத்துல காத்தடிச்சா ஸ்டியரிங்க கெட்டியா பிடிங்க, குட்டை வண்டி, காத்து ஓரமா தள்ளும். முன்டயர் பின்டயர் வேற வேற சைஸ், மாத்திப் போட முடியாது. அப்புறம் இன்ஜின் பின்னாடி டிக்கிக்கு அடியில இருக்கு, சௌராஸ்தா மார்க்கெட்ல வாங்கின மீனை டிக்கியில வச்சேன், வீடு வர்றதுக்குள்ள பை வெதுவெதுன்னு ஆயிடுச்சு.

நன்றிண்ணே, சனிக்கிழமை ஓட்டிப் பாக்கப் போறேன்.