ப்ரோ மைக்ரோ ஃபர்ம்வேரை பிக்கோவுக்கு மாற்றுதல்: 62 கீ ஐஎஸ்ஓ கீபோர்டு, இரண்டு கோளாறு

கேள்வி:
48 கீ (4×12) கீபோர்டுக்கு இருந்த க்யூஎம்கே ஃபர்ம்வேரை (கீபோர்டை இயக்கும் மென்பொருள்) 60 சதவீத ஐஎஸ்ஓ (உயரமான என்டர் உள்ள அமைப்பு) கீபோர்டுக்கு மாற்றுகிறேன். 62 கீ, மேட்ரிக்ஸ் 5×14 (5 ரோ, 14 காலம், அதாவது நெடுவரிசை). மொத்தம் 19 பின் வேண்டும். பழைய கன்ட்ரோலரான ப்ரோ மைக்ரோவில் 18தான் வெளியே கிடைக்கும், அதனால் ராஸ்பெரி பை பிக்கோ (ஆர்பி2040 சிப் உள்ள போர்டு). கையால் வயரிங். ஒவ்வொரு கீக்கும் 1என்4148 டயோடு, கோடு உள்ள முனை ரோ பக்கம்.

"கன்வர்ட் டு" (வேறு கன்ட்ரோலருக்கு மாற்றும் க்யூஎம்கே வசதி) போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. பின் பெயர்களைப் பிக்கோவின் ஜிபி எண்களாக மாற்றியதும் கம்பைல் ஆகிவிட்டது. ஆனால் 1 அழுத்தினால் சில நேரம் க்யூவும் சேர்ந்து விழுகிறது. மூன்றாம் வரிசை முழுக்க ஒரு கீ தள்ளி நிற்கிறது: கேப்ஸ்லாக் அழுத்தினால் என்டர், எஸ் அழுத்தினால் ஏ. டயோடுகளைக் கழற்ற வேண்டுமா?

பதில் 1:
டயோடைத் தொடாதீர்கள். திருப்பிப் போட்டிருந்தால் அந்தக் கீ வேலையே செய்யாது. விடுபட்டிருந்தால், மேட்ரிக்ஸில் சதுரமாக அமையும் நான்கு கீயில் மூன்றை ஒன்றாக அழுத்தும்போதுதான் நான்காவது முளைக்கும். உங்களுக்கு ஒரே கீயில் வருகிறது, அதுவும் அதே நெடுவரிசையில் (காலம்) அடுத்த ரோவில். காலம் லைன் மேலே ஏறும் முன்பே அடுத்த ரோவைப் படித்துவிடுகிறது என்று அர்த்தம்.

ஆர்பி2040-இன் உள் புல்-அப் (லைனை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) 50 முதல் 80 கிலோ ஓம். ப்ரோ மைக்ரோவின் ஏடிமெகா32யு4-இல் அது 20 முதல் 50. வயர் நீளமாக இருந்தால் அதன் கெப்பாசிட்டன்ஸை இவ்வளவு பலவீனமான புல்-அப் மெதுவாகத்தான் சார்ஜ் செய்யும். கான்ஃபிக் ஃபைலில் மேட்ரிக்ஸ் ஐஓ டிலேயை 30 மைக்ரோசெகண்டிலிருந்து (அதுதான் டிஃபால்ட்) 60 ஆக்கிப் பாருங்கள், போதாவிட்டால் 100. அதற்கும் அடங்காவிட்டால் ஒவ்வொரு காலத்திலிருந்தும் 3.3 வோல்ட் பின்னுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். தவறியும் 5 வோல்ட்டுக்கு இழுக்காதீர்கள், ஆர்பி2040-இன் பின்கள் அதைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல.

பதில் 2:
வரிசை தள்ளி நிற்பது வயரிங் கோளாறே இல்லை, கீமேப்பில்தான் (எந்தக் கீக்கு எது என்ற பட்டியல்) இருக்கிறது. ஐஎஸ்ஓ என்டர் இரண்டு வரிசை உயரம் என்பதால் அதை இரண்டாம் வரிசைக் கடைசியில் எழுதியிருப்பீர்கள். லேயவுட்60ஐஎஸ்ஓ மேக்ரோ அதை மூன்றாம் வரிசையில், நான்-யுஎஸ் ஹேஷுக்கு (என்டருக்கு இடப்பக்கக் கீ) அடுத்து எதிர்பார்க்கிறது. வரிசைக்கு 14, 13, 14, 13, 8 என்று எண்ணிப் பாருங்கள். மொத்தம் 62 சரியாக இருப்பதால் கம்பைலர் வாய் திறக்காது. ஒன்று குறைந்திருந்தால் உடனே எரர் கொடுத்திருக்கும்.

இசட்டுக்கு இடப்பக்கக் கீக்கு நான்-யுஎஸ் பேக்ஸ்லாஷ். அதில் எந்தக் குறி விழும் என்பதைக் கணினியில் தேர்ந்த லேயவுட்தான் முடிவு செய்யும்: பிரிட்டிஷ் என்றால் பேக்ஸ்லாஷ், ஜெர்மன் என்றால் சிறிது-பெரிது குறிகள். அதை ஃபர்ம்வேரில் திருத்தப் போகாதீர்கள்.

"கன்வர்ட் டு" ப்ரோ மைக்ரோவின் அதே கால் அமைப்புள்ள போர்டுகளுக்கு மட்டுமே. பிக்கோவுக்கு, கீபோர்டு ஜேசனில் டெவலப்மென்ட் போர்டு வரியை நீக்கி, ப்ராசசர், பூட்லோடர் இரண்டையும் ஆர்பி2040 என்று நேரடியாகக் கொடுங்கள். ஜிபி23, 24, 25, 29 நான்கும் பிக்கோவின் உள்வேலைக்குப் போய்விட்டன, மேட்ரிக்ஸில் வைக்காதீர்கள்.

கேட்டவர்:
வரிசை நேராகிவிட்டது, என்டர்தான். டிலே 60-இல் க்யூ எப்போதாவது விழுந்தது, 100-இல் முழுதாக நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை ஃபர்ம்வேரை ஃப்ளாஷ் செய்யவும் (ஏற்றவும்) கேபிளைப் பிடுங்கி, பூட்செல் பட்டனை அழுத்தியபடி திரும்பச் செருக வேண்டியிருக்கிறது. கேஸை மூடிவிட்டால் பட்டன் எட்டாது. வேறு வழி உண்டா?

பதில் 1:
இரண்டாம் லேயரில் ஒரு கீக்கு க்யூகே பூட் (பூட்லோடருக்குப் போகும் கீகோட்) கொடுங்கள். அழுத்தியதும் ஆர்பிஐ-ஆர்பி2 டிரைவ் திறக்கும், யுஎஃப்2 ஃபைலை (கம்பைல் ஆன ஃபர்ம்வேர்) அதில் போட்டால் போதும். கீமேப் கெட்டுப்போனால் அந்தக் கீயும் கிடைக்காது. அதனால் பின் 30-க்கும் (ரன்) கிரவுண்டுக்கும் நடுவே சின்னப் புஷ் பட்டன் ஒன்றைக் கேஸுக்கு வெளியே வையுங்கள். ஆர்பி2040 டபுள் டேப் ரீசெட்டை கான்ஃபிக்கில் டிஃபைன் செய்துவிட்டால், அதை இரண்டு முறை தட்டினால் அதே டிரைவ் வரும். கேஸை மூடும் முன்பே இதைச் சோதித்துவிடுங்கள்.