கறுப்பு வெள்ளை அச்சில் அணுக்களைப் பிரித்துக் காட்டுவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கான உயிரியல் கையேடு ஒன்றுக்குப் படம் வரைகிறேன். செலவைக் குறைக்க முழுவதும் கறுப்பு வெள்ளை அச்சு. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கிளைசின் என்ற அமினோ அமிலத்தின் மூலக்கூறை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பந்து, குச்சி மாதிரியாக (அணு பந்து, பிணைப்பு குச்சி) வரைந்தேன். வழக்கம்போல் ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை. ஜெராக்ஸ் போட்டுப் பார்த்தால் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல்! ஒன்றைக் கோடுகளாலும் மற்றதைப் புள்ளிகளாலும் நிரப்பினேன். இப்போது பந்து தோசை மாதிரி தட்டையாகத் தெரிகிறது. உருண்டை கெடாமல் வேறுபடுத்த வழி உண்டா? பந்துக்குள் N, O என்று எழுதினால் போதுமா?

அடுத்தது தவளை இதயம். வயிற்றுப்புறத் தோற்றத்தில் இரண்டு ஆரிக்கிள் (மேலறை), ஒரு வென்ட்ரிக்கிள் (கீழறை) எல்லாம் வரைந்தாயிற்று. சிரை இரத்தம் வந்து சேரும் பையான சைனஸ் வினோசஸ் முதுகுப்புறத்தில் அல்லவா இருக்கிறது! அதற்குத் தனிப்படம் போடுவதா, இதிலேயே புள்ளிக்கோட்டில் காட்டுவதா? (தவளையின் வலப்பக்கம் தாளில் இடப்பக்கம் வருவதற்கே பிள்ளைகள் குழம்புகிறார்கள். இரண்டு படம் என்றால் கேட்கவே வேண்டாம்.)

நிழலுக்கு 0.1 மி.மீ. பேனாவில் புள்ளி வைக்கிறேன். படத்தைப் பாதியாகச் சுருக்கினால் புள்ளிகள் ஒட்டிக் கறையாகிவிடுகின்றன. அச்சுக்கு வரைந்து பழகியவர்கள் என்ன அளவுப் பேனா, எவ்வளவு இடைவெளி வைக்கிறீர்கள்? உங்கள் மாதிரிப் படம் ஒன்றைப் போட்டால் பெரிய உதவி. அடுத்த வாரம் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.