பாப்பாவுக்குக் காய்ச்சல், நாளைக்கு அவங்க அப்பா வர்ற சனிக்கிழமை

வெள்ளி

சுமதி, இரவு 7.48
பாப்பாவுக்கு இன்னும் காய்ச்சல் விடல. இப்ப 102. நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சது. மத்தியானம் டாக்டர்ட்ட காமிச்சேன். தொண்டை சிவந்திருக்குன்னாரு. ஞாயித்துக்கிழமையும் காய்ச்சல் இருந்தா ரத்தம் பாக்கணும்னு சீட்டுலயே எழுதிட்டாரு.

சுமதி, 7.49
நாளைக்கு ரெண்டாவது சனி. கோர்ட் ஆர்டர்படி 10 மணிக்கு அவ அப்பா கூட்டிட்டுப் போக வருவாரு. என்ன செய்யன்னு தெரியல.

அம்மா, 7.52
என்ன செய்யன்னு என்ன கேள்வி. பிள்ளை உடம்பு அனலாக் கொதிக்குது. இந்த மழையில திண்டுக்கல் வரைக்கும் பஸ்ஸுல அனுப்ப நான் விடமாட்டேன்.

பெரியண்ணன், 7.53
போனெல்லாம் போடாத. வந்து வாசல்ல நின்னுட்டுப் போகட்டும்.

சுமதி, 7.57
அண்ணே அப்படி இல்ல. ஆகஸ்ட்ல வயித்துப்போக்குன்னு ஒரு சனி நிறுத்தினதுக்கே வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. பொய் சொல்லிப் பிள்ளையப் பிரிக்கிறேன்னு எழுதியிருந்தாங்க. இப்பவும் அதத்தான் சொல்லுவாரு.

பெரியண்ணன், 7.58
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா, 8.05
மருமகனே, அழிச்சது நல்லது. கோபத்த நேர்ல பேசிக்கலாம், எழுத்துல வேணாம்.
சுமதி, ஆர்டர் காப்பிய எடுத்துப் பாத்தேன். ரெண்டாவது, நாலாவது சனி காலை 10லருந்து ஞாயிறு சாயங்காலம் 5 வரைக்கும் அப்பாகிட்ட. உடம்பு சரியில்லன்னா என்ன செய்யணும்னு ஒரு வரி கூட அதுல இல்ல.

மாமா, 8.09
அதனால நீயா முடிவெடுத்து நிறுத்தினா ஆர்டரை மீறிட்டன்னு மனுப் போடுவாங்க. அதுக்குப் பயந்து 102 காய்ச்சலோட அனுப்பினாலும் தப்பு. 1890 கார்டியன் சட்டத்துலயும் சரி, 1956 இந்து மைனாரிட்டி சட்டம் 13வது பிரிவுலயும் சரி, பிள்ளை நலன்தான் முதல்ல. ஜட்ஜ் முன்னாடி நின்னா எப்பச் சொன்ன, எதக் காட்டிச் சொன்ன, பதிலுக்கு எந்த நாளக் குடுத்தன்னுதான் கேள்வி வரும். நான் கோர்ட்டுல சிரஸ்தாரா இருந்தப்ப இந்த மூணுக்கும் பதில் இல்லாம எத்தனையோ தாய்மார் நின்னதப் பாத்திருக்கேன், தகப்பன்மாரும்தான்.

செல்வி மதினி, 8.31
இப்பத்தான் ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சது. எல்லாத்தையும் படிச்சேன். சுமதி, பாப்பா தண்ணி குடிக்கிறாளா? ஒண்ணுக்குப் போறாளா? வாந்தி, வயித்துவலி?

சுமதி, 8.33
குடிக்கிறா மதினி. ஆறு மணிக்கு ஒண்ணுக்குப் போனா. வாந்தி இல்ல. மருந்து குடுத்தா ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு விளையாடுறா, திரும்ப ஏறுது. கலர் பென்சில் டப்பாவ எடுத்துப் பையில வச்சிட்டா, அப்பாட்ட காட்டணுமாம்.

செல்வி மதினி, 8.46
சரி. நான் சொல்றத எல்லாரும் கேளுங்க. அத்தை, நீங்களும்.
சும்மா சளி, மூக்கொழுகல், லேசா இருமல்னா பிள்ளைய அனுப்பித்தான் ஆகணும். அதுக்கெல்லாம் நிறுத்தினா வருசத்துல பாதிச் சனிக்கிழமை போயிரும். தகப்பனுக்கும் மருந்து ஊத்தத் தெரியணும், ராத்திரி முழிச்சுப் பாக்கத் தெரியணும். பாப்பாவுக்கும் உடம்பு சரியில்லாதப்ப அப்பா பக்கத்துல இருப்பார்னு தெரியணும்.

செல்வி மதினி, 8.54
இந்தத் தடவை வேற. இது ஐப்பசி மழைக்காலம், வார்டுல டெங்கு வந்துக்கிட்டே இருக்கு. பாப்பாவுக்கு டெங்குன்னு சொல்லல, தொண்டைக் காய்ச்சலாத்தான் இருக்கும். ஆனா முதல் ரெண்டு நாள்ல வெறுமனே பாத்து எது எதுன்னு பிரிக்க முடியாது. டெங்குல காய்ச்சல் அடிக்கிறப்பத்தான் ஆபத்துன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. மூணாம் நாள்லருந்து ஏழாம் நாளுக்குள்ள காய்ச்சல் இறங்கும் பாருங்க, அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் கவனமா இருக்கணும். உடம்பு தணிஞ்சிருச்சுன்னு வீட்டுல நிம்மதியா இருப்பாங்க, பிள்ளைக்குக் கை கால் சில்லிட்டுப் போகும். பாப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை அந்த நாள் கணக்குக்குள்ள வந்துரும். அன்னைக்கு அவ இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம பஸ்ஸுல இருக்கக் கூடாது. பாத்த டாக்டர் பக்கத்துல இருக்கணும்.

அம்மா, 8.56
அதத்தான நானும் சொன்னேன்.

செல்வி மதினி, 9.02
நீங்க சொன்னது சரிதான் அத்தை. ஆனா "அனுப்ப மாட்டோம்"னு சொல்றது வேற, "பாப்பாவுக்கு இப்படி இருக்கு, நீங்களும் வந்து பாருங்க"ன்னு சொல்றது வேற. அவர் அவளோட அப்பா. காய்ச்சல்னு அவருக்கு நோட்டீஸ் மாதிரி சொல்லக் கூடாது. நம்ம வீட்டு ஆளுக்கு எப்படிச் சொல்லுவோமோ அப்படிச் சொல்லணும்.

பெரியண்ணன், 9.04
அவன இந்த வீட்டுக்குள்ளயா?

செல்வி மதினி, 9.06
ஆமாங்க. பாப்பா கட்டில் பக்கத்துல.

சுமதி, 9.20
இப்படி எழுதியிருக்கேன். அனுப்பலாமா பாருங்க:
"பாப்பாவுக்கு நேத்து சாயங்காலத்துலருந்து காய்ச்சல், இப்ப 102. டாக்டர் சீட்டு போட்டோ கீழ இருக்கு, நம்பர் அதுலயே இருக்கு, நீங்களே பேசுங்க. ஞாயிறும் காய்ச்சல் இருந்தா ரத்தம் பாக்கச் சொல்லியிருக்கார். அதனால திண்டுக்கல் பயணம் இந்தத் தடவை வேணாம்னு நினைக்கிறேன். நாளைக்கு 10 மணிக்கு நீங்க இங்க வாங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் கூட இருங்க. இந்தச் சனி ஞாயிறுக்குப் பதிலா வர்ற சனி ஞாயிறு கூட்டிட்டுப் போங்க. உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா."

மாமா, 9.23
அனுப்பு. ஜட்ஜ் கேக்குற மூணும் இதுல இருக்கு. கடைசி வரிய எடுத்துராத.

சுமதி, 9.58
பதில் வந்துருச்சு. முதல்ல "மறுபடியுமா"ன்னு போட்டாரு. அரை மணி நேரம் ஒண்ணும் இல்ல. பிறகு டாக்டர்ட்ட பேசிட்டேன், காலைல வரேன்னு போட்டிருக்காரு. அப்பத்தாவும் வரேங்கிறாங்களாம்.

அம்மா, 10.01
அந்தம்மா நம்மளப் பேசின பேச்செல்லாம் நான் மறக்கல. வந்தா வரட்டும். காலைல கஞ்சி வைக்கிறேன், எல்லாருக்குமா வைக்கிறேன்.

பெரியண்ணன், 10.04
நான் அந்த நேரத்துக்கு வரல. வந்தா ஏதாவது பேசிருவேன். மத்தியானம் பாப்பாவப் பாக்க வரேன்.

சனி

சுமதி, காலை 11.15
ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோவுல வந்தாங்க. பாப்பா அவர் மடியிலதான் இருக்கா. மதினி, ஒரு சந்தேகம். அப்பத்தா அவங்க வீட்டு காய்ச்சல் மருந்தக் கொண்டு வந்திருக்காங்க. பாட்டில்ல 125னு போட்டிருக்கு. நம்ம பாட்டில்ல 250. ரெண்டும் ஒண்ணுதானா?

செல்வி மதினி, 11.17
ஒண்ணு இல்ல! அந்த ரெண்டு பாட்டிலையும் சேத்து வைக்காதீங்க. உடனே தனியா வைங்க.

செல்வி மதினி, 11.24
ரெண்டும் பாரசிட்டமால்தான், ஆனா 5 மில்லியில ஒண்ணுல 125 மில்லிகிராம், இன்னொண்ணுல 250. பாப்பா 16 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம்னா ஒரு தடவைக்கு 240. நம்ம பாட்டில்ல 5 மில்லிக்குக் கொஞ்சம் கம்மி, அவங்க பாட்டில்ல கிட்டத்தட்ட 10 மில்லி. அவங்க வீட்டுப் பழக்கத்துல நம்ம பாட்டில்லருந்து 10 மில்லி ஊத்தினா ரெண்டு மடங்கு போயிரும், திரும்பத் திரும்ப அப்படிப் போனா ஈரலைக் கெடுக்கும். ரெண்டு வீட்டுலயும் ஒரே பாட்டில்தான் இருக்கணும். இத அவருக்கும் அப்படியே அனுப்பு.

செல்வி மதினி, 11.27
இன்னொண்ணு, கடைசியா எத்தனை மணிக்குக் குடுத்தீங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க, யாரு குடுத்தாலும். ஆறு மணி நேரம் ஆகாம அடுத்தது கூடாது, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல கூடாது. ரத்தம் பாக்குற வரைக்கும் ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் மாதிரி வேற காய்ச்சல் மருந்து எதுவும் வேணாம். டெங்குன்னா அது ரத்தக்கசிவக் கூட்டும்.

சுமதி, 11.40
அவர்தான் தாள் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினாரு. இன்னைக்குத் திரும்பிப் போகலையாம், இங்க அவங்க அத்தை வீட்டுல தங்கிக்கிறாராம். நாளைக்கு டெஸ்ட்டுக்கு அவரும் வர்றாரு.

ஞாயிறு

சுமதி, மதியம் 1.10
காலைல 101 இருந்துச்சு. ரத்தம் எடுத்தாச்சு. ஊசி போடுறப்ப அவர் கையப் பிடிச்சுக்கிட்டா, என் கையத் தட்டி விட்டுட்டா. ரிப்போர்ட் வந்திருச்சு. டெங்குக்குப் பாக்குற என்எஸ்1 டெஸ்ட் நெகட்டிவ். பிளேட்லெட் 1,90,000. டாக்டர் பயப்பட ஒண்ணுமில்ல, புதன்கிழமை திரும்பக் காமிங்கன்னாரு.

பெரியண்ணன், 1.12
முருகா. நல்லவேளை.

செல்வி மதினி, 1.20
ரொம்ப நல்லது. ஆனா நெகட்டிவ்னு வந்தா டெங்கு இல்லவே இல்லன்னு அர்த்தம் இல்ல. காய்ச்சல் நின்ன பிறகும் ரெண்டு நாள் பாருங்க. வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லுன்னு இருக்குறது, சோர்ந்து சோர்ந்து தூங்குறது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகாதது. இதுல எது வந்தாலும் அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்காம பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க. 108ஐக் கூப்பிடுங்க.

மாமா, 1.34
சுமதி, அடுத்த சனி விசயத்த அவர்கிட்ட வாட்ஸ்அப்லயே உறுதி பண்ணிக்கோ. அடுத்த வாய்தாவுல ரெண்டு வக்கீலும் சேர்ந்து ஒரு மெமோ போடட்டும்: டாக்டர் பயணம் வேணாம்னு எழுதினா பிள்ளை இருக்குற வீட்டுலயே பாக்கலாம், விட்ட நாளுக்கு அடுத்த வாரம், சீட்டும் மருந்து விவரமும் ரெண்டு பேருக்கும் போகணும். அவருக்கும் இதேதான். அங்க இருக்கும்போது காய்ச்சல் வந்தா உனக்கு உடனே சொல்லணும், ஞாயிறு 5 மணிக்கு அனுப்பியே ஆகணும்னு நீயும் நிக்கக் கூடாது.

சுமதி, 1.41
கடைசியா சொன்னது கஷ்டமா இருக்கு மாமா. ஆனா சரி. அவர்ட்டயும் கேட்டேன், ஒத்துக்கிட்டாரு. வக்கீல்ட்ட நாளைக்குப் பேசுறேன்.

அம்மா, 1.50
செல்வி, அந்த வயித்துவலி வாந்தின்னு எழுதினத திரும்பப் பெரிய எழுத்துல போடு. அப்பத்தாவுக்குக் கண்ணு தெரியலையாம், நான் படிச்சுக் காட்டணும்.