புதுப்பிப்பு: அம்மாவின் முடக்குவாதமும் காது மந்தமும்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 12 வருடமாக முடக்குவாதத்தோடு (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கும் அம்மாவுக்கு இப்போது காதும் மந்தமாகிறதே, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று. பலர் வயசானா அப்படித்தான் என்றீர்கள்.

கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரி போய்ச் சோதித்தோம். இரண்டு காதிலும் உள்காது நரம்பு சார்ந்த குறைபாடு. முடக்குவாதக்காரர்களிடம் அதிகம் காணப்படுவது இந்த வகைதானாம். வயதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம் என்றார் மருத்துவர். நடுக்காதின் குட்டி எலும்புகளுக்கு இடையிலும் விரல்களில் இருப்பது போன்ற மூட்டுகள் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. அம்மாவுக்கு அங்கே பாதிப்பில்லை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை அரிதாகச் சிலருக்குக் காதைப் பாதிக்கலாம் என்பதால் மூட்டு மருத்துவரிடமும் கேட்டோம். நாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் காது மெஷின். முதலில் காட்டியதில் பொட்டு அளவு பேட்டரி. கோணிய விரல்களால் அம்மா மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் நழுவித் தரையில் உருண்டது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சரி, விலை கூடினாலும் பரவாயில்லை என்று சார்ஜ் போடும் வகையையே வாங்கினோம்.

நேற்றுக் காலை தெருவில் மீன்காரம்மா குரல் கேட்டதும், எனக்கு முன்னால் வாசலில் நின்றது அம்மாதான்.